கனடாப் பருப்பும் ஒரு மணி நேரப் பிரெஞ்சும்

ஒன்பதாம் வகுப்பில் புல்வெளிகளைப் பற்றிய பாடம் வந்தால் நம்மில் பலரும் செய்வதைத்தான் நானும் செய்வேன். உலக வரைபடத்தை மாட்டுவேன். குச்சியால் தொட்டுக் காட்டி, வட அமெரிக்காவில் பிரெய்ரி, தென் அமெரிக்காவில் பாம்பாஸ், யுரேசியாவில் ஸ்டெப்பி, தென் ஆப்பிரிக்காவில் வெல்டு, ஆஸ்திரேலியாவில் டவுன்ஸ் என்று ராகம் போட்டுச் சொல்ல வைப்பேன். 'பொருத்துக' வினாவுக்குப் பிள்ளைகள் தயார் என்ற நிம்மதியோடு அடுத்த தலைப்புக்குப் போய்விடுவேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த நிம்மதியை மூன்றாவது பெஞ்சில் இருந்த ஒரு மாணவி கெடுத்தாள்.

"டீச்சர், ரேஷன் கடையில கனடா பருப்புன்னு போடறாங்களே, அது இந்த பிரெய்ரியிலேர்ந்துதான் வருதா?"

பாடத்தையும் வீட்டையும் அவளாகவே இணைத்துவிட்டாள் என்று எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஆமாம் என்றேன். அவள் உட்காரவில்லை.

"அங்க பருப்பு விளைவிக்கிறவங்க வீட்டுல என்ன பாஷை பேசுவாங்க?"

"இங்கிலீஷ்தான்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். எங்கள் பள்ளி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எல்லையை ஒட்டி இருக்கிறது. வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். சிலருக்குக் கன்னடம், நாலைந்து பேருக்கு உருது. எந்த ஊரைப் பற்றிச் சொன்னாலும் அங்கே என்ன பாஷை என்பதுதான் இந்தப் பிள்ளைகளின் முதல் கேள்வி. அவர்களுக்கு அது இயல்பு. எனக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியவில்லை. அன்று மாலை சும்மா சரிபார்க்கலாம் என்று தேடத் தொடங்கினேன். நான் சொன்ன பதில் முழுச் சரியில்லை என்று தெரிந்தது.

பட்டாணிக்குச் சிலை வைத்த ஊர்

ரேஷனில் துவரைக்கு மாற்றாக நமக்குத் தரும் கனடா மஞ்சள் பருப்பு, துவரை இனமே அல்ல; மசூர் பருப்பின் உறவு. கனடாவில் விளையும் இவ்வகைப் பருப்பில் பெரும்பகுதி சஸ்காச்சுவான் என்ற ஒரே மாகாணத்தில் விளைகிறது. பரப்பில் அது தமிழ்நாட்டைப் போல ஐந்து மடங்கு. மக்கள்தொகையோ 2021 கணக்கெடுப்பின்படி சுமார் 11 லட்சத்து 30 ஆயிரம். நம் பக்கத்து ஒரு நடுத்தர மாவட்டத்து ஜனம் அவ்வளவு பெரிய நிலத்தில் பரந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. அவர்கள் தங்களை 'பிரான்சாஸ்குவா' என்று சொல்லிக்கொள்கிறார்கள். பிரான்சையும் சஸ்காச்சுவானையும் ஒட்டுப்போட்டு உண்டாக்கிய சொல் அது. 1979-இல் தங்களுக்கென்று ஒரு கொடியும் வைத்துக்கொண்டார்கள். அதில் மஞ்சள் கோதுமை வயலுக்கு, பச்சை வடக்கே இருக்கும் காட்டுக்கு.

இந்த மக்களின் ஊர்களில் ஒன்று செந்-இசிதோர் தெ பெல்வியூ. சுருக்கமாகப் பெல்வியூ, 'அழகிய காட்சி' என்று பொருள். இசிதோர் உழவர்களின் புனிதர். சஸ்கடூன், பிரின்ஸ் ஆல்பர்ட் ஆகிய நகரங்களுக்கு நடுவே, தென் சஸ்காச்சுவான் ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் சின்னக் குடியிருப்பு இது. நம் கணக்கில் ஒரு குக்கிராமம்கூட இல்லை. ஒரு தேவாலயம், ஒரு பண்பாட்டு மையம், பட்டாணியைச் சுத்தம் செய்து உடைக்கும் ஆலை, பிரெஞ்சு வழிப் பள்ளி ஒன்று. சுற்றிலும் கண்ணுக்கெட்டும் தூரம் வயல். ஊரில் பெரிதாக ஒரு பட்டாணிச் செடியின் சிலை நிற்கிறது. தலைவர்களுக்கும் வீரர்களுக்கும் சிலை பார்த்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் சோறு போட்ட செடிக்குச் சிலை வைப்பதில் என்ன குறை?

மே மாதத்தில் விதைப்பு, ஆகஸ்ட், செப்டம்பரில் அறுவடை. பனி உறையாத நாட்கள் ஆண்டில் ஏறக்குறைய நூறுதான். ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி சாதாரணம். இப்படிப்பட்ட நிலத்துக்கு, பிரெஞ்சு பேசும் குடும்பங்கள் எதற்காக வந்தன?

கட்டம் போட்ட நிலம்

கனடா அரசு 1872-இல் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தது. 10 டாலர் கட்டணம் கட்டினால் 160 ஏக்கர் நிலம். மூன்று ஆண்டுகள் அங்கே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், தரிசை உழுது பயிரிட வேண்டும். செய்தால் பட்டா. கியூபெக்கில் தந்தையின் நிலம் பிள்ளைகளுக்குப் போதாமல் போன குடும்பங்கள் பல இதை நம்பி மேற்கே கிளம்பின. பெல்வியூ பக்கம் முதல் கியூபெக் குடும்பங்கள் வந்தது 1880-களில்.

இந்த நிலத்தை அளந்த விதம் நம் கணித ஆசிரியர்களுக்குப் பிடிக்கும். முழுப் புல்வெளியையும் சதுரக் கட்டங்களாகப் பிரித்தார்கள். 6 மைலுக்கு 6 மைல் ஒரு வட்டகை. அதற்குள் 36 சதுரப் பிரிவுகள். ஒவ்வொன்றும் 640 ஏக்கர். அதில் காலே கால் பங்கு ஒரு குடும்பத்துக்கு. 36 பிரிவுகளில் 11-ஆம் எண்ணையும் 29-ஆம் எண்ணையும் எடுத்துப் பள்ளி நிலம் என்று ஒதுக்கினார்கள். அவற்றை விற்று வரும் பணம் கல்விக்கு. குடியேற ஆள் வருவதற்கு முன்பே, காகிதத்தில் பள்ளிக்கு இடம் போட்டாகிவிட்டது. வகுப்பில் இந்த 6க்கு 6 கட்டத்தை வரைய வைத்து, இரண்டு பிரிவு மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று கேட்டேன். ஐந்தரைக்கு மேல் என்று கண்டுபிடித்த பையன், "நம்ம ஊர்ல பள்ளிக்கூடத்துக்குக் காம்பவுண்டு சுவருக்கே இடம் இல்ல டீச்சர்" என்றான். நான் பதில் சொல்லவில்லை.

ஆனால் அந்த நிலம் வெறும் காகிதக் கட்டம் அல்ல. அங்கே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். க்ரீ முதலான பழங்குடிகள். அவர்களுக்கும் பிரெஞ்சு வணிகர்களுக்கும் பிறந்த வழியில் வந்த மெத்தி மக்கள். மெத்திகள் ஆற்றங்கரையில் குறுகலான, நீளமான கீற்றுகளாக நிலத்தைப் பிரித்துக்கொண்டவர்கள். எல்லா வீட்டுக்கும் ஆற்றுத் தண்ணீர், எல்லா வீட்டுக்கும் பக்கத்து வீடு. சதுரக் கட்டம் அந்த வாழ்வை அழிக்கும் என்று அஞ்சினார்கள். நிலத்துக்குப் பட்டா கேட்டு எழுதிய மனுக்களுக்கும் சரியான பதில் இல்லை. 1885-இல் லூயி ரியேல் தலைமையில் எழுந்தார்கள். பெல்வியூவுக்கு அருகிலிருக்கும் பத்தோஷ் என்ற இடத்தில் மே 9 முதல் 12 வரை சண்டை நடந்தது. தோற்றார்கள். ரியேல் அந்த ஆண்டு நவம்பர் 16 அன்று ரெஜினாவில் தூக்கிலிடப்பட்டார். இந்த மண்ணில் முதலில் பிரெஞ்சு பேசியவர்கள் கியூபெக்கிலிருந்து வந்தவர்கள் அல்லர், மெத்திகளே. பிரான்சாஸ்குவா கொடியில் இருக்கும் சிவப்புப் பூ அவர்களின் நினைவாக.

பெல்வியூவில் 1902-இல் பங்கு ஆலயம் அமைந்தது. மூன்றாண்டில், 1905-இல், சஸ்காச்சுவான் தனி மாகாணமாயிற்று.

ஒரு மணி நேரம்

அந்தக் காலத்து ஊர்ப்பள்ளி என்பது ஓரறை. நடுவில் விறகடுப்பு. ஒரே ஆசிரியை, முதல் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. நம்மூர் ஓராசிரியர் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த மூன்று பேர் கொண்ட குழு பள்ளியை நடத்தும். ஆசிரியையை அமர்த்துவதும் அவர்களே. பிரெஞ்சு ஊரில் பிரெஞ்சு தெரிந்த ஆசிரியையைத் தேடிப் பிடிப்பார்கள். கிடைப்பது எளிதில்லை. அதற்காகவே 1917-இல் ஒரு சங்கம் தொடங்கி, கியூபெக்கிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள்.

முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலம் தவிர வேறு மொழி எதுவாயினும் சந்தேகத்துக்குரியது என்ற மனநிலை பரவியது. 1918-இன் இறுதியில் மாகாணச் சட்டம் மாறியது. பள்ளியில் பயிற்றுமொழி ஆங்கிலம் மட்டும். பிரெஞ்சுக்கு மட்டும் ஒரு சலுகை: முதல் வகுப்பில் அதைப் பயிற்றுமொழியாக வைத்துக்கொள்ளலாம், மற்ற வகுப்புகளில் ஒரு பாடமாக, நாளுக்கு ஒரு மணி நேரம்.

1920-களின் கடைசியில் அந்தச் சலுகைக்கும் ஆபத்து வந்தது. குடியேறியவர்களுக்கும் கத்தோலிக்கருக்கும் பிரெஞ்சுக்கும் எதிராகக் கூக்ளக்ஸ் கிளான் அந்த மாகாணத்தில் ஊர் ஊராகக் கூட்டம் போட்ட நேரம் அது. 1929-இல் ஆட்சிக்கு வந்தவர் ஜே.டி.எம். ஆண்டர்சன். நமக்கு முக்கியமான செய்தி என்னவென்றால், அவர் ஒரு காலத்தில் பள்ளி ஆய்வாளர். புதிதாகக் குடியேறியோரின் கல்வியைப் பற்றி 1918-இல் நூல் எழுதியவர். கெட்ட எண்ணக்காரர் என்று நான் நினைக்கவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மொழியில் உருக்கி வார்த்துவிட்டால் நாடு ஒன்றாகிவிடும் என்று மனதார நம்பிய கல்வியாளர். அப்படிப்பட்டவர்களிடம்தான் எனக்குக் கூடுதல் பயம். அவர் அரசு 1930-இல் பொதுப் பள்ளிகளில் மத அடையாளங்களையும் கன்னியரின் துறவு உடையையும் தடை செய்தது. 1931-இல் முதல் வகுப்பிலிருந்தும் பிரெஞ்சை எடுத்துவிட்டது.

ஆறு வயதுப் பிள்ளை. வீட்டில் கேட்டது பிரெஞ்சு மட்டும். ஆசிரியைக்கும் பிரெஞ்சு தெரியும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் வரும் வரை அவர்கள் இருவரும் இரண்டு பேருக்குமே சொந்தமில்லாத மொழியில் பேசிக்கொள்ள வேண்டும். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் பள்ளியின் முதல் வகுப்பு நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பக்கத்து மாகாணமான மனிடோபாவில் நிலைமை இன்னும் கடுமை. அங்கே 1916-லேயே இருமொழிப் பள்ளிகளை ஒழித்துவிட்டார்கள். ஆய்வாளர் வருகிறார் என்றால் பிரெஞ்சுப் புத்தகங்கள் மேசைக்கடியில் போகும். ஆங்கிலப் புத்தகங்கள் மேலே வரும். ஆய்வு என்றதும் பதிவேடுகளை மட்டும் நினைக்கும் நமக்கு இது புது அனுபவம். பின்னாளில் பிரெஞ்சு இலக்கியத்தில் பெரும்பெயர் பெற்ற கேப்ரியேல் ரோய் அந்த மாகாணத்தில் 1929 முதல் 1937 வரை ஆசிரியையாக இருந்தவர். தன் வகுப்புப் பிள்ளைகளை மனத்தில் வைத்து 1977-இல் அவர் எழுதிய கதை நூலைக் கையில் கிடைத்தால் நம்மைப் போன்றவர்கள் படிக்க வேண்டும்.

அரசு வைக்காத தேர்வு

இனி நான் வியந்த பகுதி. சஸ்காச்சுவானின் பிரெஞ்சு மக்கள் 1912-இல் டக் லேக் என்ற ஊரில் கூடித் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம்தான் கிடைத்திருக்கிறது. அதையாவது ஒழுங்காகப் பயன்படுத்துவோம் என்று அந்தச் சங்கம் முடிவு செய்தது. வகுப்புவாரியாகப் பிரெஞ்சுப் பாடத்திட்டம் தயாரித்தது. ஊர் ஊராகப் போய் ஒரு மணி நேர வகுப்பைப் பார்வையிட ஆட்களை அனுப்பியது. 1925 முதல் ஆண்டுதோறும் மாகாணம் முழுவதற்கும் பிரெஞ்சுத் தேர்வு நடத்தியது. வினாத்தாள் சங்கத்துடையது, திருத்துவதும் அவர்கள்தான், பரிசும் அவர்கள் கொடுத்ததே. அரசு மதிப்பெண் பட்டியலில் இந்தத் தேர்வுக்கு இடமே கிடையாது. இதில் முதலிடம் பெற்றாலும் மேல்வகுப்பு கிடைக்காது, வேலையும் கிடைக்காது. ஆனாலும் பத்தாண்டுகள், இருபதாண்டுகள், முப்பதாண்டுகள் என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள்.

தேர்வு என்றாலே பிள்ளைகளை வாட்டும் ஒன்று என்று நாம் பேசுகிறோம். நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். இங்கே ஒரு சமூகம் தன் மொழிக்கு மதிப்பு இருக்கிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட, வேறு வழி இல்லாமல் ஒரு தேர்வையே உண்டாக்கியிருக்கிறது. பள்ளியில் கணக்குக்குத் தேர்வு உண்டு, ஆங்கிலத்துக்கு உண்டு, எங்கள் மொழிக்கும் உண்டு. இதைத் தவிர அந்தத் தேர்வால் வேறு பயன் இல்லை; அதுவே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு ஒரு மணி, ஆண்டுக்குச் சுமார் 200 பள்ளி நாள், எட்டு வகுப்பு. மொத்தம் 1,600 மணி நேரம். ஒரு குழந்தைக்குப் பள்ளி கொடுத்தது அவ்வளவே. மிச்சத்தை வீடும் தேவாலயமும் 1910-இல் தொடங்கிய அவர்களது வாரப் பத்திரிகையும் பார்த்துக்கொண்டன. 1952-இல் மக்களே நிதி திரட்டி கிராவெல்பூர், சஸ்கடூன் இரண்டு இடங்களில் பிரெஞ்சு வானொலி நிலையம் தொடங்கினார்கள். இந்த வட்டாரத்தின் இன்னொரு பிரெஞ்சுக் கிராமமான ப்ருதோமில் 1922-இல் பிறந்த ஷான் சொவே பின்னாளில் கனடாவின் முதல் பெண் தலைமை ஆளுநர் ஆனார்.

இதோடு நிறுத்தினால் இது ஒரு புகழ்ச்சிக் கட்டுரையாகிவிடும். அதே டக் லேக் ஊரில் 1894 முதல் 1996 வரை பழங்குடிப் பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி ஒன்று இருந்தது. அதைத் தொடங்கி நடத்தியது பிரெஞ்சு ஊர்களுக்குக் குருக்களை அனுப்பிய அதே கத்தோலிக்கத் துறவற சபை. இத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். தங்கள் தாய்மொழியில் பேசினால் தண்டித்தார்கள். கனடாவின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் இதையெல்லாம் விரிவாகப் பதிவு செய்தது. ஒரே ஊர், ஒரே காலம். தம் பிள்ளைக்குப் பிரெஞ்சு வேண்டும் என்று மனு எழுதியவர்களின் கண்ணில், க்ரீ பேசியதற்கு அடிவாங்கிய பிள்ளை படவில்லை. மொழி இழப்பின் வலி தெரிந்தவர் பிறர் வலியையும் அறிவார் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை போலும்.

வேகத்தடைச் சீட்டு முதல் உச்ச நீதிமன்றம் வரை

1944-க்குப் பிறகு சிறு பள்ளி வட்டாரங்களை இணைத்துப் பெரிய அலகுகளாக்கினார்கள். நிர்வாகத்துக்கு அது நல்லது. ஊர்க்குழுவின் கையிலிருந்த ஆசிரியர் நியமனம் போயிற்று. பிறகு ஓரறைப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட, பிள்ளைகள் பேருந்தில் ஏறி ஆங்கிலம் பேசும் ஊர்ப் பள்ளிக்குப் போனார்கள். தடைச் சட்டங்களால் சாகாத மொழி, பள்ளி இணைப்பால் மெலிந்தது என்று சொல்லலாம். 1968-இல் சட்டம் இளகி, சில பள்ளிகளில் பிரெஞ்சு மீண்டும் பயிற்றுமொழி ஆனது.

1980-இல் ஆந்த்ரே மெர்க்யூர் என்ற பாதிரியாருக்கு, வண்டியை வேகமாக ஓட்டியதற்கு அபராதச் சீட்டு கொடுத்தார்கள். அபராதம் கட்டுவது இருக்கட்டும், வழக்கைப் பிரெஞ்சில் நடத்துங்கள் என்றார் அவர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1988-இல் தீர்ப்பு வந்தது. பழைய சட்டப்படி அவருக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் மாகாணம் விரும்பினால் அந்தச் சட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். மாகாணம் உடனே மாற்றிக்கொண்டது. தீர்ப்பைக் கேட்க மெர்க்யூர் உயிரோடில்லை, 1986-லேயே இறந்துவிட்டார்.

பள்ளி விஷயத்தில் வழி திறந்தது வேறொரு கதவு. 1982-இல் வந்த கனடாவின் உரிமைச் சாசனம், 23-ஆம் பிரிவில், சிறுபான்மை மொழிப் பெற்றோருக்குத் தம் மொழியில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் உரிமை தந்தது. 'எண்ணிக்கை போதுமான இடங்களில்' என்பது நிபந்தனை. எத்தனை பேர் இருந்தால் போதும்? 1990-இல் மஹே வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. (புதுச்சேரியைச் சேர்ந்த மாஹே அல்ல, ஆல்பர்ட்டா மாகாணத்தில் வழக்குத் தொடுத்த ஒரு தந்தையின் பெயர்.) உரிமை என்பது ஏணி போல. பிள்ளைகள் குறைவென்றால் வகுப்பு, கூடினால் பள்ளி, இன்னும் கூடினால் பள்ளியை நிர்வகிக்கும் அதிகாரமே பெற்றோருக்கு. சஸ்காச்சுவான் 1993-இல் அதற்குச் சட்டம் இயற்றியது. 1995 முதல் பிரெஞ்சுப் பள்ளிகளைப் பிரெஞ்சு மக்கள் தேர்ந்தெடுத்த வாரியங்களே நடத்துகின்றன. இன்று மாகாணம் முழுவதற்கும் ஒரே வாரியம். பெல்வியூவின் செந்-இசிதோர் பள்ளி அந்த வாரியத்தில் மழலையர் முதல் 12-ஆம் வகுப்பு வரை நடக்கிறது. ஆசிரியர்களுக்கு ரெஜினா பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு வழி பி.எட். உண்டு.

160 ஏக்கர், 1,700 ஏக்கர்

உரிமை வந்தது. பிள்ளைகள்?

1936-இல் சஸ்காச்சுவானில் 1 லட்சத்து 42 ஆயிரம் பண்ணைகள் இருந்தன. 2021-இல் 34 ஆயிரம். ஒரு பண்ணையின் சராசரிப் பரப்பு இப்போது 1,700 ஏக்கருக்கு மேல். 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம் என்று தொடங்கிய நிலத்தில், பத்துக் குடும்பம் இருந்த இடத்தில் இன்று ஒன்று. பத்து வீட்டுப் பிள்ளைகள் நடந்து வந்த பள்ளிக்கு ஒரு வீட்டுப் பிள்ளை வருகிறது. மாணவர் சேர்க்கைக்காக மே மாதத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் நமக்கு இந்தக் கணக்கின் பயம் புரியும்.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று. பிரெஞ்சு பேசுபவர் ஆங்கிலம் பேசுபவரை மணக்கிறார். வீட்டு மொழி ஆங்கிலம் ஆகிவிடுகிறது. சட்டப்படி அந்தக் குழந்தைக்குப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர உரிமை உண்டு, ஆனால் வாயில் பிரெஞ்சு இல்லை. எனவே மழலையர் வகுப்பில் முதலில் மொழியையே ஊட்ட வேண்டியிருக்கிறது. 1931-இல் வீட்டிலிருந்து பிரெஞ்சோடு வந்த பிள்ளைக்குப் பள்ளி கதவைச் சாத்தியது. இன்று பள்ளி கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வீட்டிலிருந்து பிரெஞ்சு வருவதில்லை.

இந்த நிலையிலும் பெல்வியூ ஊராக நிற்பதற்குப் பட்டாணிக்கும் பங்குண்டு. 1970 வாக்கில் கனடாவில் கோதுமை விற்காமல் மலைபோல் தேங்க, விதைக்க வேண்டாம் என்று அரசே விவசாயிகளைக் கேட்டுக்கொண்டது. சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தில் பயிர் மேம்பாட்டு மையம் தொடங்கி, ஆல் ஸ்லிங்கார்டு என்ற அறிஞர் பருப்பு வகைகளில் இறங்கினார். 1978-இல் அவர் வெளியிட்ட பருப்பு ரகம் மாகாணத்தின் வேளாண்மையையே திருப்பிப் போட்டது. வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் நைட்ரஜனை நிலைநிறுத்துவதால் அடுத்து விதைக்கும் கோதுமைக்கும் உரம் மிச்சம். பெல்வியூ உழவர்கள் பட்டாணியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆலை ஊரிலேயே இருப்பதால் கொஞ்சம் பேருக்காவது ஊரில் வேலை. வேலை இருப்பதால் குடும்பம், குடும்பத்தால் பள்ளி.

சஸ்காச்சுவான் பட்டாணிக்கு முக்கியச் சந்தைகளில் நாமும் ஒன்று. 2017 நவம்பரில் நம் விவசாயிகளைக் காக்க இந்திய அரசு இறக்குமதிப் பட்டாணிக்கு 50 சதவீத வரி போட்டது. அங்கே விலை சரிந்தது. நம் உழவர் பக்கம் நின்றால் வரி சரியே. அதே நேரத்தில் டெல்லியில் போடும் கையெழுத்து, பெல்வியூவில் ஒரு குடும்பம் நிலத்தை வைத்துக்கொள்வதா விற்பதா என்பதையும் தொடுகிறது. புவியியல் பாடத்தில் 'வணிகம்' என்ற தலைப்பில் இதைச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பெயர் எழுதும் பலகை

முதல் வகுப்பைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நான் பணியில் சேர்ந்த புதிதில், வகுப்பில் தெலுங்கு பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதச் சொல்லித் தலைவனை நியமித்திருந்தேன். யாரும் எனக்கு அப்படி உத்தரவிடவில்லை. தமிழ் நன்றாக வர வேண்டும் என்ற அக்கறைதான். பிள்ளைகள் தமிழ் கற்கத்தான் வேண்டும், அதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் பலகையில் அடிக்கடி வந்த ஒரு பெயர் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவன் பேசியதற்காக எழுதப்பட்டவன். பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டான். அவனை ஒழுங்கான பையன் என்று பெற்றோர் கூட்டத்தில் பாராட்டினேன்.

இந்த ஆண்டு முதல் வகுப்பு ஆசிரியையோடு பேசி ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். சேர்ந்த முதல் மூன்று மாதம், தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் காலையில் அரைமணி அங்கே போய் உட்கார்ந்து கதை சொல்வார்கள். முதலில் வீட்டு மொழியில், அடுத்து அதே கதை தமிழில். பலன் என்ன என்று சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

பாடத்துக்குத் திரும்பியபோது, கேள்வி கேட்ட அந்த மாணவியிடம் என் பதில் தவறு என்று வகுப்பின் முன்னே சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அந்த ஊர்க்காரர்கள் பட்டாணியை என்னவென்று சொல்வார்கள்?

கரும்பலகையில் முதலில் அவரவர் வீட்டுச் சொல்லை எழுதச் சொன்னேன். தமிழில் பட்டாணி. தெலுங்கில் பட்டாணீலு. கன்னடத்தில் பட்டாணி. உருது வீட்டுப் பையன் வந்து மட்டர் என்று எழுதினான். கடைசியாக நான் பிரெஞ்சுச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினேன்: புவா.

வகுப்பே சிரித்தது. "டீச்சர், எங்க பாட்டி தங்கச்சிக்குச் சோறு ஊட்டும்போது அதத்தான் சொல்லும்" என்றாள் அவள்.